நிலைகொள்ளாத சித்தமும் பொதுத்தேர்வும்

மாசி மாதத்தில் திண்டுக்கல் கோட்டை மாரியம்மன் திருவிழா தொடங்கிவிட்டால், பூச்சொரிதல் ஊர்வலமும் தீச்சட்டி ஏந்திய கூட்டமும் வீதிதோறும் கட்டிய ஒலிபெருக்கியும் நகரத்தின் காதை வாரக்கணக்கில் நிறைத்துக்கொண்டிருக்க, அதே வாரங்களில்தான் இந்த ஜில்லாவின் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் தங்கள் ஆயுளின் போக்கையே தீர்மானிக்கப்போவதாகப் பெரியவர்கள் ஓயாது சொல்லிவைத்திருக்கும் பொதுத்தேர்வுக்குத் தயாராகிறார்கள். விடியற்காலை டியூஷன், பகலில் ரிவிஷன் டெஸ்ட், மாலையில் ஸ்பெஷல் கிளாஸ், இரவில் வீட்டுத் திண்ணையிலோ மொட்டைமாடியிலோ ‘ஸ்டடி’ என்று ஓடும் அந்தப் பருவத்தைப் பெரும்பாலான பிள்ளைகள் சலித்துக்கொண்டேனும் கடந்துவிடுகிறார்கள். ஆனால் வகுப்புக்கு இரண்டு மூன்று பேர், அறிவில் மற்றவர்களுக்குச் சற்றும் இளைக்காதவர்கள், புத்தகத்தை விரித்துவைத்து மூன்று மணி நேரம் அமர்ந்தும் மூன்று பக்கம் தாண்டாமல், தாண்டவில்லையே என்ற ஏக்கத்தில் நான்காவது மணி நேரத்தையும் இழந்து, “புத்தி இருக்கு, பொறுப்பு இல்லை” என்ற தீர்ப்பை வீட்டிலும் பள்ளியிலும் சுமந்து திரிகிறார்கள். இக்கட்டுரை அவர்களைப் பற்றியது. வைத்தியர்கள் ஏ.டி.எச்.டி. என்றும், தமிழ் நூல்கள் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு என்றும் குறிக்கும் நிலை அது.

பெயரில் ‘கவனக்குறைவு’ என்று இருப்பதால் இப்பிள்ளைகளுக்குக் கவனமே கிடையாது என்று எண்ணிவிடலாகாது. திண்டுக்கல்லின் பூட்டுப் பட்டறைகள் ஒன்றில் விடுமுறை நாளில் தகப்பனாருக்குத் துணையாக அமர்ந்து, ஒரு நெம்புத்தகட்டைச் சாவிக்குப் பொருந்தும்வரை அரத்தால் தேய்த்துத் தேய்த்துப் பார்க்கும் சிறுவன் இரண்டு மணி நேரம் தலை நிமிராமல் இருப்பதும், அவனே சமூக அறிவியல் புத்தகத்தின் முன் இரண்டு நிமிஷம் இருப்புக்கொள்ளாமல் தவிப்பதும் ஒரே வீட்டில் காணக்கூடிய காட்சிதான். கையில் எடுத்த காரியத்தில் உடனுக்குடன் பலன் தெரிந்தால் அவன் சித்தம் அதிலேயே ஒட்டிக்கொள்கிறது; பலன் மார்ச் மாதத்தில்தான் வரும் என்றால் அது ஒட்ட மறுக்கிறது. அவனிடம் கவனம் உண்டு. அதைத் தன் இச்சைப்படி வேண்டிய இடத்தில் வைக்கவும், வைத்த இடத்திலிருந்து எடுக்கவும் வல்லமையே குறைவு. இந்த ஒரு பேதத்தை உணராததனால் விளையும் கோபதாபங்கள் கொஞ்சமல்ல. “சினிமாவை மட்டும் மூணு மணி நேரம் பாக்கத் தெரியுதுல்ல?” என்று கேட்காத வீடு உண்டா?

இது கைபேசியோடு பிறந்த வியாதி என்று நினைப்பவர்களுக்குச் சரித்திரம் வேறு விடை தருகிறது. 1798ஆம் ஆண்டிலேயே அலெக்ஸாண்டர் கிரைட்டன் என்ற ஸ்காட்லாந்து வைத்தியர், பிறவியிலேயே ஒரு பொருளில் மனத்தை நிறுத்த இயலாதவர்களைப் பற்றி எழுதினார். 1902இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் நிகழ்த்திய உபந்நியாசங்களில், புத்தி தெளிவாயிருந்தும் தம்மை அடக்கியாள முடியாத குழந்தைகளின் வர்ணனை வருகிறது. அதை அவர் ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை என்று கருதியது அக்காலத்துப் பார்வை. அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் சார்லஸ் பிராட்லி, ஊக்கமருந்து கொடுக்கப்பட்ட குழந்தைகள் துள்ளாமல் அமைதியடைந்து பாடத்தில் முனைந்ததை 1937இல் வெளியிட்டார். அமெரிக்க மனநல வைத்தியர்களின் கையேட்டில் 1980இல் கவனக்குறைவு என்ற பெயரும், 1987இல் இன்றைய பெயரும் ஏறின. நம் நாட்டிலோ கவனம் என்பது நெடுங்காலம் ஒரு வித்தையாகவே போற்றப்பட்டு வந்தது. 1907ஆம் ஆண்டில் சென்னை விக்டோரியா மண்டபத்தில் செய்குத்தம்பிப் பாவலர் ஒரே வேளையில் நூறு விஷயங்களை மனத்தில் தாங்கிச் சதாவதானம் நிகழ்த்தியதை நாம் இன்றும் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். அப்படிப்பட்ட மரபில் ஒன்றையே தாங்க மாட்டாத பிள்ளை ஒருவன் பிறந்தால் அவனுக்கு இரங்குவதைவிட ஏசுவதே எளிதாயிருந்திருக்கும்.

உலகளவில் திரட்டிய ஆய்வுகளை ஒருங்கே வைத்துப் பார்த்தவர்கள், பள்ளிப் பருவத்துக் குழந்தைகளில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில் இந்நிலை இருப்பதாகக் கணித்திருக்கிறார்கள். நமக்கு அண்டையிலுள்ள கோயம்புத்தூர் ஜில்லாவில், ஆறு முதல் பதினொரு வயது வரையிலான 770 குழந்தைகளை ஆராய்ந்து 2013இல் வெளிவந்த ஆய்வு, நூற்றுக்குப் பதினொன்றுக்குச் சற்று மேல் என்று சொல்லிற்று. வசதி குறைந்த குடும்பங்களில் அந்த விகிதம் மேலும் அதிகமாயிருந்ததாகவும் அதில் கண்டது. பெற்றோரும் உபாத்தியாயர்களும் நிரப்பும் வினாப்பட்டியலைக் கொண்டு எண்ணும்போது தொகை சற்று ஊதிப்போவது இயல்பாகையால், பதினொன்று என்பதை நான் அப்படியே எடுத்துக்கொள்ளத் தயங்குவேன். ஐந்து என்றே வைத்துக்கொண்டாலும், நாற்பது பேர் அமரும் வகுப்பறையில் இருவர் என்று ஆகிறது. சோகை, காது மந்தம், பார்வைக்குறை, தூக்கமின்மை, வீட்டுச் சண்டை ஆகிய யாவும் கவனத்தைக் குலைப்பவையே. அவற்றை முதலில் விலக்கிப் பார்க்காமல் பெயர் சூட்டுவது பிழை. வயதும் ஒரு காரணம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2012இல் வெளியான ஆய்வில், ஒரே வகுப்பில் வயதில் மிக இளைய டிசம்பர் மாதத்துப் பையன்களுக்கு, மூத்த ஜனவரி மாதத்துப் பையன்களைக் காட்டிலும் நூற்றுக்கு முப்பது பங்கு கூடுதலாக இப்பெயர் சூட்டப்பட்டிருந்தது. ஜூன் மாதத்தில் சேர்க்கவேண்டும் என்பதற்காகப் பிறந்த தேதியையே முன்தள்ளி எழுதிவைத்த தலைமுறைகள் நம்முடையவை. அவ்விதம் முந்திச் சேர்க்கப்பட்ட எத்தனை பேர் வால் என்றும் வானரம் என்றும் பெயர் வாங்கினார்களோ! பெண்பிள்ளைகளின் கதி வேறு விதம். அவர்களில் பலர் ஓடியாடுவதில்லை. ஜன்னலைப் பார்த்தபடி சத்தமின்றி வகுப்பிலிருந்து வெளியேறிவிடுகிறார்கள். சத்தம் செய்யாதவளை யாரும் வைத்தியரிடம் அழைத்துப் போவதில்லை.

பிலிப் ஷா என்ற ஆராய்ச்சியாளரும் தோழர்களும் 2007இல் வெளியிட்ட மூளைப் படங்களின் ஆய்வு இங்கே வெளிச்சம் தருகிறது. மூளையின் மேலுறை தன் உச்சத் தடிப்பை எட்டும் வயது மற்றக் குழந்தைகளிடம் ஏறக்குறைய ஏழரையாக இருக்க, இவர்களிடம் பத்தரையாக இருந்தது. அதிலும் திட்டமிடுதல், அடக்கிக்கொள்ளுதல் முதலிய காரியங்களை நடத்தும் முன்பகுதியில்தான் தாமதம் மிகுதி. ஆகவே பதினைந்து வயதுப் பையனிடம் பதினைந்து வயதின் திட்டத்தை எதிர்பார்த்து, அது வராதபோது சோம்பல் என்று பழிப்பதில் நியாயமில்லை. காலத்தைப் பற்றிய உணர்வும் இவனுக்கு விசித்திரமானது. அவன் மனத்தில் இரண்டே காலங்கள் உண்டு: இப்போது, இப்போதல்ல. தேர்வுக்கு நாற்பது நாள் இருக்கும்வரை அது இரண்டாவது வகையைச் சேர்ந்தது. திடீரென்று ஒரு நாள் அது முதல் வகைக்குள் பாய்ந்துவிடும்போது, பயம் ஒன்றே அவனுக்குக் கிளர்ச்சி தரும் மருந்தாகிறது. கடைசி இரவில் விழித்துப் படித்து எப்படியோ தேறிவிடும் பழக்கம் எட்டாம் வகுப்பு வரை பலிக்கிறது. பாடத்தின் பரப்பு பெருகும் பத்தாம் வகுப்பில் பொய்த்துப்போகிறது. எர்க்ஸ், டாட்ஸன் என்ற இருவர் 1908இல் எலிகளைக்கொண்டு செய்த பரீட்சை காட்டியது யாதெனில், கிளர்ச்சி ஓர் எல்லைவரை கற்றலுக்கு உதவி, கடினமான காரியங்களில் அவ்வெல்லையைத் தாண்டியதும் அதைக் கெடுக்கும் என்பதே. அச்சத்தையே எரிபொருளாகக் கொண்டு ஓடப் பழகியவன் அந்த எல்லையை நாள்தோறும் தாண்டுகிறான்.

இனி, படிக்கும் முறைக்கு வருகிறேன். இவ்விஷயத்தில் என் கருத்து இதுதான்: தேர்வுப் பயம் என்று நாம் சொல்லும் துன்பத்தில் பாதி, அந்தப் பிள்ளையின் மூளையிலிருந்து எழுவதன்று, ‘படிப்பது’ என்ற பெயரில் நாம் அவன்மேல் சுமத்தும் ஆசனத்திலிருந்து எழுவது. வாயைத் திறக்காமல், அசையாமல், தனியாக, நெடுநேரம், படித்த பக்கத்தையே மறுபடி மறுபடி படித்துக்கொண்டிருப்பதையே நம் வீடுகள் சிரத்தையான படிப்பு என்று மதிக்கின்றன. ஞாபகசக்தியை ஆராய்ந்தவர்கள் இதை வெகுவாக மதிப்பதில்லை. ரோடிகரும் கார்பிக்கியும் செயின்ட் லூயிஸ் நகரத்தில் கல்லூரி மாணவர்களிடம் செய்து 2006இல் வெளியிட்ட சோதனையில், ஓர் உரைநடைப் பகுதியை இருமுறை படித்தவர்களும், ஒருமுறை படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களும் ஒப்பிடப்பட்டார்கள். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது இருமுறை படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோதோ அவர்களிடம் தங்கியது நூற்றுக்கு நாற்பத்திரண்டு பங்கு, எழுதிப் பார்த்தவர்களிடம் தங்கியது ஐம்பத்தாறு பங்கு. பல படிப்பு முறைகளை ஒருங்கே எடைபோட்டு டன்லோஸ்கி குழுவினர் 2013இல் எழுதிய ஆய்வும், தன்னைத்தானே சோதித்துக்கொள்வதையும் இடைவெளி விட்டுப் படிப்பதையும் உயர்த்தி, திரும்பப் படிப்பதையும் வண்ணப் பேனாவால் கோடிடுவதையும் தாழ்த்தி வைத்தது. கைடு முழுவதும் மஞ்சளும் பச்சையுமாகத் தீட்டிவைத்திருப்பவர்கள் சற்று யோசிக்க வேண்டும்.

நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் நடந்தது வேறு. பிள்ளைகள் மணலில் விரலால் எழுதினார்கள். எழுதும்போதே உரக்கச் சொன்னார்கள். ஒருவன் சொல்ல மற்றவர்கள் கூட்டமாகத் திருப்பிச் சொன்னார்கள். தேறிய பிள்ளை தேறாத பிள்ளைக்குச் சட்டாம்பிள்ளையாயிருந்து கற்பித்தான். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை எழும்பூரில் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் இம்முறையைக் கண்டு வியந்து அநாதைப் பிள்ளைகளின் விடுதியில் நடைமுறைப்படுத்தி, ‘சென்னை முறை’ என்ற பெயரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோய், 1797இல் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். அப்பள்ளிகளில் பிரம்படியும் கோதண்டமும் இருந்தன என்பதை மறந்து அவற்றைப் பொற்காலமாகச் சித்திரிக்க நான் விரும்பவில்லை. அர்த்தம் தெரியாமல் உருப்போட்டதும் மெய்யே. ஆயினும் கையும் வாயும் காதும் ஒன்றாக உழைத்ததும், துணையோடு படித்ததும், உடனுக்குடன் திருத்தப்பட்டதும், நிலைகொள்ளாத சித்தத்துக்கு இன்றைய மௌன ‘ஸ்டடி’யைவிட எவ்வளவோ உகந்தவை.

ஆகையால் இத்தகைய மாணவன் உட்கார்ந்தே படிக்கவேண்டும் என்ற விதியை முதலில் தளர்த்துவது நலம். மொட்டைமாடியில் நடந்துகொண்டே உரக்கச் சொல்லட்டும்; தங்கைக்குப் பாடம் நடத்துவதுபோல் விளக்கட்டும். இருபது நிமிஷம் படிப்பு, ஐந்து நிமிஷம் எழுந்து திரிதல் என்று அடுப்படிக் கடிகாரத்தையோ மணியடிக்கும் டைமரையோ கண்ணெதிரே வைத்துக்கொண்டால், கண்ணுக்குத் தெரியாத காலம் தெரியத் தொடங்கும். ‘இன்றைக்கு அறிவியல்’ என்ற திட்டம் இவனிடம் செல்லாது. ‘ஆறு மணிக்குள் ஒளியியல் பாடத்தில் புக் பேக் ஒரு மதிப்பெண் வினாக்கள் பன்னிரண்டு, புத்தகத்தை மூடி’ என்று சொன்னால் செல்லும். எதிரே ஒருவர் சும்மா அமர்ந்து தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாலே பலருக்கு மனம் நிலைப்படுகிறது. அந்த ஒருவர் கல்வி கற்றவராயிருக்கவேண்டிய அவசியமில்லை, சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கும் பாட்டியும் போதும். கைபேசி அடுத்த அறையில் இருப்பதே உத்தமம். அதை அணைத்து மேஜைமேல் வைத்துக்கொண்டு வைராக்கியத்தைப் பரீட்சிப்பது வீண் வேலை. ஓசை விஷயத்தில் ஒரு வேடிக்கை: சுவீடன் தேசத்து ஆராய்ச்சியாளர்கள் 2007இல் வெளியிட்ட சோதனையில், சீரான இரைச்சல் மற்றக் குழந்தைகளின் நினைவைக் குறைக்க, இக்குறைபாடுள்ள குழந்தைகளின் நினைவை உயர்த்திற்று. மின்விசிறியின் ஒரேசீரான ஓசை துணையாகலாம் என்று இதிலிருந்து கொள்ளலாமே தவிர, கோயில் ஒலிபெருக்கியின் பாட்டுக்கு அந்தச் சலுகை பொருந்தாது. வார்த்தைகள் வார்த்தைகளைத் தின்றுவிடும்.

தூக்கத்தைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. இவர்களில் பலருக்கு இயல்பாகவே நள்ளிரவு வரை தூக்கம் வருவதில்லை. அவர்களை நாலரை மணிக்கு எழுப்பி ஐந்து மணி டியூஷனுக்கு அனுப்புவது, வேடசந்தூரிலிருந்தும் நத்தத்திலிருந்தும் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு வரும் பிள்ளைக்கு மேலும் கொடுமை.

தேர்வுக்கூடத்தில் இவர்கள் இழக்கும் மதிப்பெண்களில் அறியாமையால் இழப்பது ஒரு பங்கே. ஒரு மதிப்பெண் வினாவில் விடையை எழுதிக் குறியீட்டை விட்டுவிடுவது, கணக்கில் அலகைப் போடாமல் வருவது, கட்டாய வினாவைக் கவனியாமல் வேறொன்றை எழுதுவது, வரைபடத்தைக் குறித்துவிட்டு விடைத்தாளோடு இணைக்க மறப்பது, வினா எண்ணை மாற்றிப்போடுவது என்று கையிலிருந்து வழுக்கி விழுபவையே அநேகம். பத்தாம் வகுப்புத் தேர்வில் காலை பத்து மணிமுதல் பத்து நிமிஷம் வினாத்தாளைப் படிக்கவும், ஐந்து நிமிஷம் விவரங்களைச் சரிபார்க்கவும் விடுகிறார்கள், 10.15க்குத்தான் எழுதத் தொடங்கவேண்டும். அந்தப் பத்து நிமிஷத்தை மற்றவர்கள் பதற்றத்தில் கழித்தாலும் நஷ்டமில்லை, இவர்களுக்கோ அதுவே பொக்கிஷம்: தெரிந்த வினாக்களை மனத்தில் வரிசைப்படுத்தி, எதில் தொடங்குவது என்று தீர்மானித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பகுதிக்கும் இத்தனை மணிக்குள் என்று வீட்டிலேயே நேரம் வைத்து, பழைய வினாத்தாள்களை முழு மூன்று மணி நேரம் எழுதிப் பழகியவனுக்குக் கூடம் புதிய இடமாகத் தோன்றாது. முடிவில் சரிபார் என்று பொதுவாகச் சொல்வது பயனற்றது. குறியீடு, அலகு, வினா எண், வரைபடம் என்ற நான்கை மட்டும் பார் என்று சொல்லிவைத்தால் செய்வான்.

மருந்தைப் பற்றி நம் ஊரில் இரண்டு விபரீதங்கள் உண்டு. ஒன்று, பெயரைக் கேட்டதுமே ‘போதை மருந்து’ என்று மிரள்வது. மற்றொன்று, தேர்வுக்கு முந்தைய வாரம் ஓடிவந்து ‘ஞாபகத்துக்கு ஏதாவது மாத்திரை’ கேட்பது. மெதில்பெனிடேட் 1944இல் உருவாக்கப்பட்டது. எட்டு தசாப்த காலமாக அறியப்பட்ட மருந்து அது. அமெரிக்காவில் 579 குழந்தைகளைப் பதினான்கு மாதம் பின்தொடர்ந்து 1999இல் வெளியான பேராய்வில், கவனமாக அளவு சரிசெய்யப்பட்ட மருந்து முக்கிய அறிகுறிகளைக் குறைப்பதில் பயிற்சி முறையைவிட மேலாயிருந்தது. இரண்டும் சேர்ந்தபோது மருந்தின் அளவு குறைந்தே போதுமாயிற்று. ஆயினும் மருந்து கவனத்தைத் தருமேயன்றி, நடத்தாத பாடத்தைத் தராது. பசி குறைதல், தூக்கம் கெடுதல், நாடித்துடிப்பு உயர்தல் முதலிய விளைவுகளைப் பார்த்துப் பார்த்து வைத்தியர் அளவு கட்டவேண்டியிருப்பதால், இதைத் தொடங்கும் காலம் ஜூன், ஜூலையே, மார்ச் மாதமன்று. போதைப்பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டில் உள்ளதனால் எல்லாக் கடைகளிலும் கிடைக்காது, சீட்டின்றி விற்கவும் கூடாது. ஊக்கமருந்து வகையைச் சேராத அடோமாக்ஸிடினும் உண்டு. அது பலன் காட்ட வாரங்கள் பிடிக்கும். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் முப்பது குறைபாடுகளின் பட்டியலில் இந்நிலையும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. பள்ளிக்கு வரும் அத்திட்டக் குழுவின் மருத்துவரிடம் உபாத்தியாயர் ஒரு வார்த்தை சொன்னால் பாதை திறக்கும். 2022 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்ட பதினொரு புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளுள் திண்டுக்கல்லும் ஒன்றாகையால், மதுரைக்குப் பஸ் ஏற வேண்டிய பழைய நிர்ப்பந்தம் குறைந்திருக்கிறது.

சட்டம் எவ்வளவு துணைநிற்கிறது? தமிழக அரசுத் தேர்வுகள் இயக்ககம், டிஸ்லெக்சியா என்னும் கற்றல் குறைபாடு உடையவர்களுக்குச் சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், ஒரு மொழிப்பாட விலக்கு ஆகிய சலுகைகளை வழங்குகிறது. சென்னையில் 1991இல் தோன்றிய மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் போன்ற ஸ்தாபனங்கள் அக்குறைபாட்டைப் பெற்றோரும் பள்ளிகளும் அறியும்படி நெடுங்காலம் பாடுபட்டன. ஏ.டி.எச்.டி.க்கு அப்படி வாதாடிய குரல் நம்மிடையே ஓங்கவில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருபத்தொரு வகைகளை எண்ணிச் சொல்கிறது. குறிப்பிட்ட கற்றல் குறைபாடு அதில் உண்டு, ஏ.டி.எச்.டி. பெயரளவில் இல்லை. இரண்டும் ஒருவனிடமே சேர்ந்திருப்பது மிகச் சாதாரணமாகையால், கற்றல் குறைபாட்டுச் சான்றிதழின் வழியாக ஒரு சாரார் நிழல் பெறுகிறார்கள். மற்றவர்கள் வெயிலில் நிற்கிறார்கள். விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில், எழுதும் கை முடங்கும் குறைபாடுள்ள ஒருவருக்கு நாற்பது சதவீதக் குறைபாடு என்ற வரம்பைக் காரணம் காட்டி எழுத்தரை மறுத்தது தவறென்றும், நியாயமான வசதி செய்து தருவது அந்த வரம்புக்கு உட்பட்டதன்று என்றும் தீர்ப்பளித்தது. அந்தத் தர்க்கத்தை நேர்மையாக நீட்டினால், தனியறை ஒன்றோ, இடையில் ஐந்து நிமிஷ ஓய்வோ, முன்வரிசை இருக்கையோ இப்பிள்ளைகளுக்குத் தருவதில் அரசுக்கு என்ன நஷ்டம் என்று எனக்கு விளங்கவில்லை. இவற்றில் எதுவும் மற்றொருவனுடைய மதிப்பெண்ணைப் பறிப்பதன்று.

சூழல் சிறிது சிறிதாக மாறித்தான் வருகிறது. மாநில அளவில் முதல், இரண்டாம் இடம் என்று அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017இல் கைவிட்டது. பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு 2025இல் நீக்கப்பட்டது. தனியார் பள்ளிகளின் ஃபிளக்ஸ் பலகைகள் மட்டும் பஸ் நிலையத்தைச் சுற்றி இன்னும் முகங்களைத் தாங்கி நிற்கின்றன. முடிவுகள் வெளியாகும் நாளில் ஒரு பிள்ளை அறைக்கதவைச் சாத்திக்கொண்டால் அதைச் சிறு விஷயமாகக் கருதக்கூடாது; அன்றைக்கு வீட்டில் யாரேனும் ஒருவர் அருகிலேயே இருக்கவேண்டும். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணிலும் 104 என்ற சுகாதார உதவி எண்ணிலும் தமிழிலேயே பேசலாம். தவறிய பாடத்துக்குச் சில வாரங்களிலேயே துணைத்தேர்வு நடக்கிறது என்பதையும், அதில் தேறியவன் அதே ஆண்டில் மேல்வகுப்புக்கோ கல்லூரிக்கோ போகலாம் என்பதையும், தேர்வு தொடங்குமுன்பே சொல்லிவைப்பது பயனுடையது. முடிவு வந்த பிறகு சொன்னால் அது வெறும் ஆறுதலாகவே காதில் விழும்.

பள்ளி முடிந்ததும் இந்நிலை முடிந்துவிடுவதில்லை. பெருவாரியானவர்களுக்கு ஏதோ ஓர் அளவில் அது ஆயுள் முழுவதும் தொடர்கிறது. அதுவரை தாயும் டியூஷன் வாத்தியாரும் வெளியிலிருந்து கட்டிவைத்த ஒழுங்கு, காந்திகிராமத்துக்கோ கோயம்புத்தூருக்கோ விடுதி மாணவனாகப் போகும்போது ஒரே நாளில் அவிழ்ந்துபோக, பன்னிரண்டாம் வகுப்பில் நன்றாகத் தேறியவன் முதல் செமஸ்டரிலேயே மூன்று அரியர் வைத்துவிட்டு வீட்டுக்குச் சொல்லாமல் மறைப்பது இதனால்தான். பள்ளிப் பருவத்தில் பெற்ற மருத்துவ மதிப்பீட்டு அறிக்கையையும், தேர்வுச் சலுகை பெற்றிருந்தால் அந்த ஆணையின் நகலையும் மாற்றுச் சான்றிதழோடு சேர்த்துப் பத்திரப்படுத்தி, கல்லூரியில் சேரும் வாரத்திலேயே துறைத்தலைவரிடமோ மாற்றுத்திறனாளிகளுக்கான பிரிவிலோ ஒரு பிரதியைக் கொடுத்துவிட்டால், முதல் இன்டர்னல் தேர்வுக்கு முன்னதாகவே வேண்டிய ஏற்பாட்டைப் பேசிக்கொள்ள வழியுண்டு.